பிழையாக வந்த வாசிப்பை அழித்துவிடாதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். தரம் 9, 10, 11இல் பிள்ளைகள் படிக்கிற வீட்டார் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு ஊசல் செய்முறை ஒன்று செய்வித்தேன். ஒரு மீற்றர் நூல், அதன் நுனியில் ஒரு சின்ன இரும்புக் குண்டு, ஒரு நிறுத்தற் கடிகாரம். அவ்வளவுதான். குண்டு 20 தரம் போய் வர எத்தனை செக்கன் எடுக்கிறது என்று ஐந்து முறை அளந்து அட்டவணையில் எழுத வேண்டும்.

ஒரு பிள்ளை எழுதியிருந்தாள்: 40.1, 40.3, 42.2, 40.2, 40.1. நான் பக்கத்து மேசைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் 42.2 காணாமல் போய்விட்டது. றப்பரால் அழித்த அடையாளத்துக்கு மேல் 40.2 என்று அழகாக எழுதியிருந்தாள்.

"ஏன் மகள் அழிச்சனீங்க?"

"அது பிழையா வந்திட்டுது டீச்சர்."

"பிழையெண்டு எப்பிடித் தெரியும்?"

"மற்றப் பிள்ளையளுக்கு எல்லாருக்கும் 40 தானே வந்தது."

நான் ஏசவில்லை. ஏச எனக்கு உரிமையும் இல்லை. கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் நானும் இதைத்தான் செய்தேன். விடை என்ன வர வேண்டும் என்று முதலில் பார்த்து, அதற்கு ஏற்றமாதிரி வாசிப்புகளை இரவில் விடுதிக் கட்டிலில் இருந்து எழுதி, செய்முறைக் கொப்பியை நிரப்பியிருக்கிறேன். நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். இதை வாசிக்கிற ஆசிரியர்களில் எத்தனை பேர் அப்படிச் செய்யவில்லை என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

அன்று பின்னேரம் பாடசாலை வாசலில் அந்தப் பிள்ளையின் வாப்பாவைக் கண்டேன். நல்ல மனிதர். "டீச்சர், மகள் உயர்தரத்துக்கு விஞ்ஞானம் எடுக்கப் போறன் எண்டு நிக்கிறா. அதெல்லாம் பெரிய நாட்டு ஆக்களுக்குச் சரி. எங்கட பிள்ளைகளுக்கு என்னத்துக்கு? லாபும் இல்ல, சாமானும் இல்ல. கலைப் பிரிவெண்டா சுகமா முடிச்சிட்டு வருவா. நீங்க ஒருக்காச் சொல்லுங்க" என்றார். "நானா, யோசிச்சுச் சொல்றன்" என்று வந்துவிட்டேன்.

யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்களை 2022 ஒக்டோபர் 9ஆம் திகதிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். ஞாயிற்றுக்கிழமை. மீலாத் தினம். பௌர்ணமிப் போயாவும் அன்றுதான். மின்வெட்டும் விலைவாசியும் எங்களை வாட்டிய வருடம் அது. அன்று பின்னேரம் 6.47க்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? யாழ்ப்பாணத்தில் அது மஃரிபு முடிந்து இஷாவுக்குக் காத்திருக்கும் நேரம்.

அந்த நிமிடத்தில், எங்கட தலைக்கு மேலே, ஏறக்குறைய வான உச்சியிலிருந்து, மனிதர் அளந்தவற்றிலேயே மிகவும் பிரகாசமான காமாக் கதிர் வெடிப்பு வந்து விழுந்தது. திருவோண நட்சத்திரம் அப்போது எங்களுக்கு உச்சிக்குக் கிட்ட நின்றது. அதற்குச் சற்று வடக்கே, அம்பு என்ற சின்ன நட்சத்திரக் கூட்டத்தின் திசையில்தான் அந்த வெடிப்பு. திகதியும் நேரமும் வானில் அதன் இடமும் தெரிந்தால் இதை யாரும் கணக்கிடலாம். நான் கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சியிலிருந்து 15 பாகை கூட விலகவில்லை.

எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. காமாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. வளிமண்டலம் அதை உறிஞ்சிவிடும், நிலத்துக்கு விடாது. அது அல்லாஹ் எங்களுக்குத் தந்த போர்வை. ஆனாலும் அந்த வெடிப்பு வெறுமனே கடந்து போகவில்லை. இந்தியாவில் மின்னலைக் கண்டறிய வைத்திருந்த கருவிகள் அதனால் தூண்டப்பட்டன. வளிமண்டலத்தின் மேலே இருக்கும் அயன மண்டலம் மணிக்கணக்காகக் குழம்பி நின்றது ஜேர்மனியில் இருந்த கருவிகளில் பதிவானது.

எங்கிருந்து வந்தது? ஒரு மிகப் பெரிய நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து தன் மேலேயே இடிந்து விழும்போது நடுவில் கருந்துளை ஒன்று உண்டாகிறது. அப்போது இரண்டு பக்கமும் ஒடுங்கிய தாரை பீறிடும். அந்தத் தாரை தற்செயலாக எங்கட பக்கம் பார்த்திருந்தால் காமாக் கதிர் வெடிப்பாகத் தெரியும். இந்தக் கதிர் புறப்பட்டது சுமார் 190 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது பூமியில் ஒரு மரமோ விலங்கோ இல்லை. இவ்வளவு பிரகாசமான ஒன்று ஏறக்குறைய 10,000 ஆண்டுக்கு ஒரு தரம்தான் பூமிக்கு வரும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். பெயர் ஜீஆர்பி 221009ஏ. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 22ஆம் ஆண்டு, 10ஆம் மாதம், 09ஆம் திகதி, அந்த நாளின் முதலாவது. எங்கட இடாப்பில் இலக்கம் போடுகிற மாதிரித்தான்.

இனி, கண்ணுக்குத் தெரியாத இதை எப்படி அளந்தார்கள் என்று சொல்கிறேன். இது தரம் 10 பிள்ளைக்கு விளங்கக்கூடிய விடயம்.

நாசாவின் பேர்மி என்ற செய்மதி 2008இல் ஏவப்பட்டது. அதில் வெடிப்புகளுக்கென்றே 14 பளிங்குகள் இருக்கின்றன. 12 சோடியம் அயடைட்டு. நாங்கள் ஆய்வுகூடத்தில் சொல்கிற உப்பு வகைதான். ஒரு காமாக் கதிர்த் துணிக்கை பளிங்கில் பட்டால் உள்ளே ஒரு சின்ன ஒளிப்பொறி தட்டும். பொறியின் பிரகாசத்தை அளந்தால் துணிக்கையின் சக்தி தெரியும். பொறி தட்டிய நேரமும் பதியப்படும், ஒரு செக்கனை ஐந்து இலட்சமாகப் பிரித்த நுணுக்கத்தில்.

வெடிப்பு இல்லாத நேரத்திலும் பொறி தட்டிக்கொண்டேதான் இருக்கும். விண்வெளியில் எப்போதும் ஏதோ ஒரு கதிர் திரிகிறது. அது பின்னணி. அந்தப் பின்னணியை விட்டு எண்ணிக்கை திடீரென்று ஏறினால்தான் செய்மதி விழிக்கும். அதுவும் ஒரு பளிங்கு சொன்னால் நம்பாது. குறைந்தது இரண்டு பளிங்குகள் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். பிறைக்குச் சாட்சி கேட்டுப் பழகிய எங்களுக்கு இது புதினமில்லை.

திசை எப்படித் தெரியும்? பளிங்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். முற்றத்தில் நாலு பக்கமும் சரிவாக ஒடியல் பாய் சாத்திவைத்தால், வெயிலுக்கு நேரே இருக்கிற பாய் கூடக் காயும், சரிந்தது குறைவாகக் காயும். எது எவ்வளவு காய்ந்தது என்று பார்த்து வெயில் வந்த பக்கத்தைச் சொல்லலாம் அல்லவா? அதே கணக்குத்தான்.

எங்கட பக்கத்து நாட்டையும் பாருங்கள். இந்தியா 2015 செப்டெம்பர் 28ஆம் திகதி சிறீகரிகோட்டாவிலிருந்து அஸ்ரோசற் என்ற செய்மதியை ஏவியது. 650 கிலோமீற்றர் உயரத்தில் நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றுகிறது. வடக்கே கூடிப்போனால் எங்கட தேவேந்திரமுனை அகலக்கோடு வரைக்கும்தான் வரும். அதில் ஒரு கருவி கட்மியம், நாகம், தெலூரியம் கலந்த பளிங்குத் தட்டுகளால் ஆனது. 64 தட்டு, ஒவ்வொன்றிலும் 256 கட்டம். மொத்தம் 16,384. ஒரு திசையைப் பார்ப்பதற்காகச் செய்த கருவி அது. ஆனால் சக்தி கூடிய காமாக் கதிர் கருவியின் பக்கச் சுவரையே ஊடுருவி உள்ளே வந்துவிடும். குறை என்று சொல்லி ஒதுக்கக்கூடிய விடயம். அவர்கள் அதையே பயனாக்கினார்கள். பக்கத்தால் வருவதையும் எண்ணினால் வானம் முழுவதையும் கவனிக்கலாம் அல்லவா? கருவியை இயக்கிய முதல் நாளே, 2015 ஒக்டோபர் 6, ஒரு வெடிப்பைப் பிடித்தார்கள். 600க்கு மேல் இப்போது பிடித்தாயிற்று.

இந்த வெடிப்புகளை முதன்முதல் கண்டவர்கள் இவற்றைத் தேடிப் போகவில்லை. 1963இல் வளியிலும் விண்வெளியிலும் அணுகுண்டு சோதிக்கக் கூடாதென்று ஒப்பந்தம் வந்தது. இரஷ்யா களவாகச் சோதிக்கிறதா என்று பார்க்க அமெரிக்கா வேலா என்ற செய்மதிகளை அனுப்பியது. 1967 யூலை 2ஆம் திகதி அந்தச் செய்மதிகளில் ஒரு வாசிப்பு வந்தது. அணுகுண்டின் வடிவம் அதற்கு இல்லை. சூரியனிலும் அன்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அட்டவணையில் எங்கும் பொருந்தாத 42.2 அது.

லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் இருந்த கிளெபசாடெல் என்பவரும் கூட்டாளிகளும் என்ன செய்தார்கள்? அழிக்கவில்லை. பெரிதாகச் சத்தம் போடவும் இல்லை. கோவையில் போட்டு வைத்துவிட்டு, இன்னும் நல்ல செய்மதிகள் போகும் வரை பொறுத்திருந்தார்கள். பிறகு, ஒன்றுக்கொன்று தூரமாக இருந்த செய்மதிகளில் ஒரே வெடிப்பு எந்த நேர வித்தியாசத்தில் பதிந்தது என்று பார்த்தார்கள். ஒளி செக்கனுக்கு மூன்று இலட்சம் கிலோமீற்றர் போகும். எந்தச் செய்மதிக்கு முதலில் வந்தது, எதற்குப் பிந்தி வந்தது என்று தெரிந்தால் திசை தெரியும். பூமியிலிருந்தும் இல்லை, சூரியனிலிருந்தும் இல்லை என்று உறுதியானது. 1969க்கும் 1972க்கும் இடையில் இப்படி 16 வெடிப்புகள். 1973இல்தான் உலகத்துக்குச் சொன்னார்கள். முதல் வாசிப்பு வந்து ஆறு வருடம் கழித்து.

அந்த ஆறு வருடத்தில் ஒரு நாள் யாராவது றப்பரை எடுத்திருந்தால்?

2022க்குத் திரும்பி வருகிறேன். ஸ்விப்ற் என்ற இன்னொரு செய்மதி இந்த வெடிப்பை ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிந்தித்தான் கண்டது. அப்போது மிஞ்சியிருந்தது வெடிப்பின் பின்னொளி. அதுவே அவ்வளவு பிரகாசமாக இருந்ததால், இது எங்கட பால்வீதிக்குள்ளேயே இருக்கிற ஏதோ ஒன்று என்று முதலில் அறிவித்துவிட்டார்கள். பிழை. பேர்மி முன்னரே பதிந்ததோடு சேர்த்துப் பார்த்தபிறகு, எல்லோரும் பார்க்கத் திருத்தி எழுதினார்கள். முதல் அறிவிப்பை ஒளித்து வைக்கவில்லை. இன்றும் தேடினால் வாசிக்கலாம்.

பேர்மிக்கும் ஒரு சிக்கல் வந்தது. வெடிப்பு உச்சத்தில் இருந்தபோது துணிக்கைகள் வந்து கொட்டிய வேகத்துக்கு அதனால் எண்ண முடியவில்லை. நல்லூர்த் தேரன்று வாசலில் ஒரே ஒருவரை இருத்தி, வருகிற சனத்தை எண்ணச் சொன்னால் என்ன நடக்கும்? காலையில் எண்ணுவார். தேர் இழுக்கிற நேரம் கையை விரிப்பார். பெரிய கருவிகள் பலவற்றுக்கு அதுதான் நடந்தது.

இப்போது அந்த வாப்பாவுக்காகச் சொல்கிற இடம். அந்த உச்சத்தைத் திணறாமல் அளந்தவற்றில் ஒன்று, ஜீஆர்பி அல்பா என்ற செய்மதி. எவ்வளவு பெரிது தெரியுமா? ஒவ்வொரு பக்கமும் பத்து சென்ரிமீற்றர் உள்ள ஒரு பெட்டி. ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செக் ஆகிய சின்ன நாடுகளின் பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் சேர்ந்து, ஜப்பான்காரரின் உதவியோடு செய்தது. 2021 மார்ச்சில் ஏவினார்கள். உள்ளே இருப்பது உள்ளங்கை அளவு சீசியம் அயடைட்டுப் பளிங்குத் தட்டு ஒன்று, 75 மில்லிமீற்றர் நீளம், 75 அகலம், 5 தடிப்பு. சின்னதாக இருந்ததால் அதில் பட்ட துணிக்கைகளும் குறைவு. குறைவாகப் பட்டதால் எண்ண முடிந்தது. பெரிய மழைமானி நிரம்பி வழிந்த அன்று, பக்கத்தில் இருந்த சின்ன வாய்க்காரப் போத்தல் கணக்குக் காட்டியது போல.

அதே அளவுப் பெட்டி ஒன்றை எங்கட நாடும் அனுப்பியிருக்கிறது. 2019 யூனில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட இராவணா-1. ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. ஜப்பானில் கியூசூ தொழில்நுட்ப நிறுவனத்தில் எங்கட நாட்டு இளம் பொறியியலாளர்கள் இருவர் இருந்து செய்தது. அதில் ஒருவர் பெண். அது படம் எடுக்கப் போனது, இது வெடிப்பை எண்ணப் போனது. பெட்டி ஒரே அளவுதான். ஆகவே "பெரிய நாட்டு ஆக்களுக்குச் சரி" என்ற கதையை நான் ஏற்க மாட்டேன்.

"இதெல்லாம் சோறு போடுமா டீச்சர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காமாக் கதிர் வெடிப்பை அளந்ததால் சந்தையில் அரிசி விலை இறங்காது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அளப்பதும், அளந்ததை மாற்றாமல் வைத்திருப்பதும் வானத்துக்கு மட்டும் உரிய பழக்கமில்லை.

சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் என்று நாங்கள் பயந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு அறிக்கை ஒன்று சொன்னது, மற்றது வேறொன்று சொன்னது. எதை நம்பிக் குடிப்பது என்று தெரியாமல் போத்தல் தண்ணீருக்கும் பவுசருக்கும் அலைந்தது யார்? நாங்கள்தான். அப்போது எங்கட கையிலேயே, மாதாமாதம் அளந்து, திகதி போட்டு, ஒன்றையும் அழிக்காமல் வைத்த கொப்பி ஒன்று ஊருக்கு ஒன்று இருந்திருந்தால் கேள்வி கேட்க ஒரு பிடி இருந்திருக்கும்.

வீட்டுக் கதை ஒன்றும் சொல்கிறேன். என் வாப்பாவுக்குச் சீனி வருத்தம். வீட்டில் குத்திப் பார்க்கிற மெசின் இருக்கிறது, எழுதுகிற கொப்பியும் இருக்கிறது. கிளினிக்குக்குப் போக ஒரு கிழமைக்கு முன்னர் அந்தக் கொப்பியில் எல்லாம் 120, 125 என்றுதான் இருக்கும். 240 வந்த நாளை எழுதவே மாட்டார். "டொக்டர் ஏசுவார் மகள்" என்பார். மருந்தின் அளவைத் தீர்மானிப்பது அந்தக் கொப்பி. 240தான் டொக்டருக்குத் தேவையான இலக்கம். அந்தப் பிள்ளை அழித்ததற்கும் வாப்பா எழுதாமல் விட்டதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் பயந்தது ஏச்சுக்கு.

அதனால் என் கருத்து இதுதான். ஆசிரியர்கள் முதலில் மாற வேண்டும், என்னையும் சேர்த்து. செய்முறை மேசையில் றப்பர் வேண்டாம். பிழை என்று நினைத்தால் பழைய இலக்கம் தெரியத்தக்கதாக ஒரு கோடு மட்டும் கீறட்டும், பக்கத்தில் காரணத்தை எழுதட்டும். ஒத்துவராத வாசிப்பை வைத்துக்கொண்டு காரணம் தேடிய பிள்ளைக்குப் புள்ளி குறைக்காமல் கூட்டிப் போடுவோம். "பாடத்திட்டம் முடிக்க நேரமில்லை" என்று சொல்வீர்கள். நேரமில்லைதான். ஆனால் பத்துச் செய்முறையைப் பொய்யாகச் செய்வதை விட நாலை உண்மையாகச் செய்யலாம்.

பெற்றோரே, பிள்ளை வீட்டுக்கு வந்தால் "எத்தனை புள்ளி?" என்பதோடு "இண்டைக்கு என்னத்த அளந்தனீங்க?" என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். பெண் பிள்ளை விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால், சாமான் இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லி மறிக்காதீர்கள். சாமான் தேடுவது எங்கட வேலை.

பழைய மாணவர்களுக்கும் வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் செய்வதை நாங்கள் மறக்கவில்லை. வளைவும் கேற்றும் வர்ணப்பூச்சும் போதும். அடுத்த முறை பத்து நிறுத்தற் கடிகாரமும், நாலு மல்ரிமீற்றரும், ஒரு சின்னத் தொலைகாட்டியும் என்று யோசியுங்கள். அதுவும் இல்லாமல் தொடங்கலாம். ஓகஸ்ட் 28 அளவில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சிக்கு வரும். அதற்கு முன்னும் பின்னும் ஒரு கிழமை, மதியத்தில் நேராக நட்ட ஒரு கம்பின் நிழலை ஒவ்வொரு நாளும் அளந்தால் பிள்ளைகள் தாங்களே அந்த நாளைக் கண்டுபிடிக்கலாம். செலவு ஒரு கம்பு. திருநெல்வேலியில் பல்கலைக்கழகமே இருக்கிறது. வந்து பார்க்கும்படி பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகளைக் கேட்போம். விருப்பமானவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.

கடைசியாக, அந்த 42.2.

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டு, அழித்ததைத் திரும்ப எழுதச் சொன்னேன். "ஏன் இது மட்டும் கூட வந்தது? எவ்வளவு கூட?" என்று கேட்டேன். கழித்துப் பார்த்தாள். மற்றவை எல்லாம் 40.2க்குக் கிட்ட. வித்தியாசம் 2 செக்கன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு 40ஐ 20ஆல் பிரித்தாள். ஒரு அலைவுக்கு 2 செக்கன்.

"டீச்சர், நான் ஒண்டு கூட எண்ணிட்டன்! அது 21!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்த வாசிப்பில் கடிகாரமும் பிழையில்லை, ஊசலும் பிழையில்லை. 21 அலைவுக்கு வர வேண்டிய சரியான நேரம்தான் வந்திருக்கிறது. தான் எண்ணியதில்தான் பிசகு என்று அவளே கண்டுபிடித்தாள். அதை நானோ கைட் புத்தகமோ சொல்லிக் கொடுக்கவில்லை. இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதி வைத்திருக்கிறாள்.

நானா, நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: மகள் விஞ்ஞானம் படிக்கட்டும். கொப்பியின் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மிச்சத்தை நேரில் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பொருந்தாத கருத்து என்று ஒன்றையும் அழிக்க மாட்டேன்.